வேகம் கூடினால் சுழி குறையும்

என் ஆராய்ச்சி காற்றைப் பற்றியது. வெவ்வேறு வேகத்தில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு காற்றோட்டங்கள் உரசும் எல்லையில் சுழிகள் உருண்டு, இரண்டும் கலக்கும். வேக வித்தியாசம் ஒலியின் வேகத்தை நெருங்கினாலோ காற்று அமுங்கிக் கொடுக்கும். ஓரிடத்துத் தள்ளல் அடுத்த இடத்துக்குச் சேதி சொல்ல நேரமிராது. சுழிகள் சோம்பிவிடும், கலப்பும் குறையும். இதை நாலு வருடமாகக் கணினியில் பார்த்ததில், வேறெதுவும் எனக்கு நினைவில்லாமல் போயிற்று.

மாரி விடுமுறைக்குப் பெரியகல்லாற்றில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வயல் வட்டைகளில் வெள்ளம் நின்றதால் அன்று காலைதான் ஆற்றுவாயை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி, வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். வாய் வெட்டினால் மூன்று நாளைக்கு அங்கே வலை போடுவதில்லை. அத்தானிடம் இருந்ததோ ஒரேயொரு இறால் வலை. அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இறாலெல்லாம் கடலுக்குப் போகிறதே என்று அக்கா துடித்தாள்.

"தண்ணி வேகமா ஓடுதா அத்தான்?" என்று கேட்டேன்.

"கண்மண் தெரியாம ஓடுது மச்சாள். ஓரத்துத் தண்ணி சும்மா நிக்கிது. ரெண்டும் முட்டுற இடத்துலதான் இறால். சுழியும் அங்கதான்."

"அவ்வளவு வேகமெண்டா சுழி குறையும்."

"படிச்ச புள்ள சொல்லுது, போய்ப் போடுங்களன்" என்றாள் அக்கா. அத்தான் தோணியைத் தள்ளினார்.

மத்தியானம் வலை வந்தது. வலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிழிந்த சேலைபோல முறுகி, பாதி கிழிந்து, உள்ளே இரண்டு இறாலோடு வந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் வலையையும் கிழித்தது. தண்ணீரில் ஒலி ஒரு நொடிக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விடும். ஆற்றுவாய்த் தண்ணீரோடு ஒருவர் சைக்கிளில் கூடவே போகலாம். அந்த வேகத்தில் சுழி கூடத்தான் செய்யும். முதல் வருடப் பாடம் இது. அத்தானிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. வலை ஊசியை என் கையில் தந்தார்.

"இந்தத் தண்ணி சத்தத்தின்ட வேகத்துல ஓடுற அண்டைக்குச் சொல்லுங்க மச்சாள், போடுவம். அதுவரைக்கும் இதப் பொத்துங்க."

நாலாம் நாள் ஊரே வலை போட்டது. எங்கள் வலை இன்னும் பொத்தித் தைத்து முடியாமல் என் மடியில் கிடந்தது. அன்று அக்கா இறால் கறி வைத்தாள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய இறால். எனக்குத்தான் முதலில் போட்டாள்.