கணவாயில் சாய்த்து வைத்த சைக்கிள்

சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் அக்காவும் நானும் ஆறு வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். நான் மதுரைக்காரி, பிசியோதெரபிஸ்ட். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. முழங்கால் வலி என்று என்னிடம் வந்தவரிடம் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னதே நான்தான். அடுத்த வாரம் வீட்டு வாசலில் புது சைக்கிளோடு வந்து நின்றார்.

"உம்மட சொல்லைக் கேட்டு வாங்கிப்போட்டன். இனி நீரும் வரவேணும்."

அப்படித்தான் நானும் ஒன்று வாங்கினேன். முதலில் பாரமட்டா பூங்காவைச் சுற்றினோம். பிறகு கால்ஸ்டன் பள்ளத்தாக்கின் கொண்டை ஊசி வளைவுகள், அதற்கும் பிறகு நீல மலைகள். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. தனியாக இருந்தார். கணவரைப் பற்றிக் கேட்டால் "அவர் ஊரில" என்பார். அந்தப் பதிலுக்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது.

பிரான்சு அவருடைய யோசனை. பாரிசில் ஒன்றுவிட்ட தங்கை இருந்தாள். அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, ரயிலில் தெற்கே போனோம். மலையடிவாரத்து விடுதி ஒன்றில் அறை எடுத்து, வாடகைக்கு சைக்கிளும் எடுத்துக்கொண்டோம். தினம் ஒரு கணவாய் ஏறி இறங்குவது என்று திட்டம். முதல் இரண்டு நாளும் வெயில், மாடுகள், திராட்சைத் தோட்டங்கள். படத்தில் பார்ப்பது போலவே இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்தே பனிமூட்டம். விடுதிக்காரப் பெண்மணிக்கு நல்ல ஆங்கிலம் வரும். பத்து மணிக்குள் விலகிவிடும் என்றார். விலகவில்லை. ஏற ஏற இன்னும் கெட்டியானது. இரண்டு மணி நேரத்தில் மேலிருந்தோ கீழிருந்தோ ஒரு வண்டி வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத சரிவில் மாட்டு மணிகள் மட்டும் கேட்டன.

பாதி வழியில் ஒரு சிற்றூர். இருபது வீடுகள் இருக்கலாம். எல்லா ஜன்னல்களிலும் மரக்கதவு சாத்தியிருந்தது. ஒரு முற்றத்தில் கொடியில் துணி தொங்கியது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. தேவாலய மணி பதினொரு முறை அடித்து ஓய்ந்தது. நாங்கள் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் மறுபடி பதினொன்று அடித்தது. முதல் முறை கேட்கத் தவறியவர்களுக்காக அந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டு தரம் அடிப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க அக்கா? பயமா இருக்கு."

அவர் சுற்றிலும் பார்த்தார். "சனம் விட்டிட்டுப் போன ஊர் எண்டால் நாய் நிக்கும். நான் அப்பிடி ஊர்களுக்குள்ளால நடந்து வந்தனான். இஞ்ச ஒரு நாயும் இல்லை." இது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்குப் புரியவில்லை.

கணவாயின் உச்சியை நாங்கள் அடைந்தபோது பத்தடிக்கு மேல் தெரியவில்லை. உயரம் எழுதிய பலகை ஒன்று. அதன் கம்பத்தில் ஒரு பழைய நீல சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இருக்கையின் மேல் ஒரு ஜோடி கையுறை, ஒன்றன்மேல் ஒன்றாக. ஓட்டியவர் பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைத்து, சத்தமாக வணக்கம் சொன்னேன். பதில் இல்லை.

அக்காதான் அதைக் கவனித்தார். கைப்பிடியிலிருந்து கம்பம்வரை ஒரு சிலந்தி வலை பின்னப்பட்டிருந்தது. வலை முழுக்கப் பனித்துளி.

"இது இண்டைக்கு வைச்ச சைக்கிள் இல்லை."

"யாராவது விட்டுட்டுப் போயிருப்பாங்க. நாம கீழ போய்ச் சொல்லிடலாம் அக்கா. குளிருது."

"நீர் போம். ஃபோன் எடுக்கிற இடமாப் பார்த்து ஆரையும் கூப்பிடும். நான் இதை விட்டிட்டு வரமாட்டன்."

"தனியாவா? இந்தப் பனியிலயா?"

அப்போதுதான் சொன்னார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், ஒரு காலை பாண், அதாவது ரொட்டி, வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் போன கணவர் திரும்பவில்லை. மத்தியானம் இவர் தேடிப் போனார். சந்தியில், மூடிய கடையின் தூணில், சைக்கிள் சாய்ந்து நின்றது. கூடையில் பாண் இருந்தது.

"ரோட்டுக்கு அங்கால ஆமி நிண்டது. வாய் திறக்கப் பயம். நான் ஒரு சத்தமும் போடாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்ட வந்திட்டன். ஒருக்காக்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கேல்ல. கிட்ட எங்கயாவது இருந்திருப்பார் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்."

பிறகு அவர் சரிவின் பக்கம் திரும்பி, இரு கைகளையும் வாயருகே குவித்து, "ஐயா! ஆராவது இருக்கிறீங்களோ?" என்று கத்தினார். பனி அந்தக் குரலைத் துணி போலச் சுற்றி எடுத்துக்கொண்டது. எதிரொலிகூட வரவில்லை. நான் சைக்கிளைத் திருப்பினேன்.

ஆறு கிலோமீட்டர் இறங்கிய பிறகு ஃபோனில் ஒரு சிக்னல் கோடு தெரிந்தது. அவசர எண்ணில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பேசினார். மீட்புக் குழுவை அனுப்புவதாகவும், முக்கால் மணி நேரம் ஆகலாம் என்றும் சொன்னார். அக்காவைத் தனியே விட மனமில்லாமல் மறுபடி மேலே மிதித்தேன்.

உச்சி நெருங்கும்போது, ஆள் தெரிவதற்கு முன்னாலேயே அவர் குரல் கேட்டது. கூப்பிடும் குரல் இல்லை. சமையலறைக்குள் வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசும் குரல். ஏதோ சொல்வார், நிறுத்துவார், "ஓம்" என்பார், மெல்லச் சிரிப்பார், மறுபடி பேசுவார். சொற்கள் விளங்கவில்லை. நான் சைக்கிளிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டேன். அவர் நிறுத்திய இடங்களில் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வேறு குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என் காலணிச் சத்தத்தில் பேச்சு நின்றது. கிட்டப் போனேன். நீல சைக்கிளின் பக்கத்தில், ஈரப்புல்லில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"யாரோட அக்கா பேசிட்டிருந்தீங்க?"

"ஒருத்தரோடயும் இல்லை. குளிருக்கு வாயை அசைச்சனான்."

மீட்புக் குழுவில் நான்கு பேர் வந்தார்கள். கயிறு கட்டி இறங்கியவர்களுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. சாலையிலிருந்து முப்பது மீட்டர் கீழே, பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு முதியவர் கிடந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். முந்தின நாள் மாலை சிறுநீர் கழிக்க ஓரமாக இறங்கி, வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆனால் நினைவு இருந்தது. இரவு முழுதும் அந்தக் குளிரில் கிடந்தவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தூக்குப் படுக்கையில் எங்களைக் கடக்கும்போது அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

இரண்டு நாள் கழித்து அவர் எங்களைப் பார்க்க விரும்புவதாக ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. மொழிபெயர்க்க விடுதிக்காரப் பெண்மணியும் கூட வந்தார். முதியவர் முதலில் நன்றி சொன்னார். அடுத்து கேட்டதை மொழிபெயர்க்க அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கினார்.

"உங்களோடு வந்த ஆண் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்."

எங்களோடு யாரும் வரவில்லை என்றேன். கிழவர் பிடிவாதமாக இல்லையென்று தலையாட்டினார். ஒரு பெண் மேலே கத்தினாள். தனக்குப் பதில் சொல்லக் குரல் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் தன் பக்கத்திலிருந்து ஓர் ஆண் அவளுக்குப் பதில் சொன்னான். அதன் பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தூங்கினால் செத்துவிடுவோம் என்று தெரியும், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தாராம். அவர் சொன்னது இவ்வளவுதான்.

உடல் குளிர்ந்துபோனால் மூளை எதையும் கேட்கும், நான் படித்திருக்கிறேன் என்று வேகமாக ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அவர் என்ன சொன்னவர் எண்டு கேளும்."

மொழி தெரியாதே என்றார் கிழவர். கண்ணை மூடி யோசித்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது, இரண்டு மூன்று தரம் சொன்னான் என்று சொல்லிவிட்டு, உதட்டைக் குவித்து மெதுவாக உச்சரித்தார். "போத்துவாரோ."

போட்டு வாறன். போய்விட்டு வருகிறேன் என்று, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அக்காவின் ஊரில் எல்லோரும் சொல்வது. சனிக்கிழமைதோறும் என் வாசலில் அவர் சொல்லிவிட்டுப் போவதும் அதுதான். அன்றைக்கு அவரே அதைச் சொல்லியிருக்கலாம், கிழவர் காதில் அது விழுந்திருக்கலாம். அன்றும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் அதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை. அக்கா கிழவரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வெளியே வந்தார். பாரிசுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை.

சிட்னி திரும்பிய அடுத்த வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஐயரிடம் கணவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கொடுத்து, மோட்ச அர்ச்சனை என்றார், இறந்தவர்களுக்குச் செய்வது. முப்பது வருடத்துக்கு மேலாக அவர் அதைச் செய்யச் சம்மதித்ததில்லை என்று அவருடைய சிநேகிதி ஒருவர் என்னிடம் கிசுகிசுத்தார். அர்ச்சனை முடிந்ததும் அன்னதானத்தில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம். அவர் முன்னைவிட உற்சாகமாக இருக்கிறார். அடுத்த வருடம் இத்தாலி என்கிறார். மாறியது நான்தான். குளிர்கால விடியலில் கால்ஸ்டன் பள்ளத்தாக்கில் பனி இறங்கிக் கிடக்கும்போது, முன்னால் வளைவில் மறைந்த அக்கா ஏதோ பேசுவது எனக்குக் கேட்கிறது. என்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து, "என்ன அக்கா?" என்று கத்துவேன்.

"உமக்கில்லை," என்பார்.