இரண்டு விரல் உயரம்

எங்கள் தெருவில், ஓசூர் வழக்கப்படி ஒரு தேநீர்க் கடையை இடித்துவிட்டு, ஜிம் திறந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றவனுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நேற்று, போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞன் ஒருவன் மரப்பெட்டி மேல் நான்கு முறை எகிறிக் குதித்தான். பிறகு மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ப்பா, அதுக்குள்ள களைச்சுப் போயிட்டியா?"

"ரெஸ்ட் சார். அதுவும் ட்ரெய்னிங்தான்."

சிரித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. அங்கே அடித்த ரப்பர் நெடி மூக்கை விட்டுப் போகவில்லை. பழைய காட்டு பூட்ஸ் வெயிலில் காயும்போது வரும் அதே நெடி.

ஜவளகிரிக் காட்டுப் பக்கம் எங்கள் போலீஸ் அதிரடிக் குழுவின் முகாம் இருந்த நாட்களில் நான் அங்கே ரைட்டர். எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு என்று அர்த்தம். இலக்கியத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வாரந்தோறும் திங்களும் சனியும் காவலர்களின் தாவும் உயரத்தை அளந்து பதிவேட்டில் ஏற்றுவேன். விரலில் சாக்கட்டியைத் தேய்த்து, நின்றபடி சுவரில் ஒரு கோடு, எகிறி ஒரு கோடு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் காலின் பலம். முதல் கோட்டின்போது தோளைத் தொங்கவிட்டு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளும் கலைஞர்கள் உண்டு. "தோளைத் தூக்குடா" என்பதுதான் அந்தக் குழுவுக்கு நான் அளித்த ஒரே பயிற்சி.

பயிற்சி எஸ்.ஐ. திருநெல்வேலிக்காரர். ஞாயிறு தவிர தினமும் மணல் மூட்டையோடு எட்டு கிலோமீட்டர் ஓட்டம். யாராவது முனகினால், "ஏல, மூச்சு இருக்குல்லா? அப்ப ஓடு" என்பார். பதிவேடோ வேறு கதை சொன்னது. ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்களன்று எல்லோரும் உயரம்; சனிக்கிழமை எல்லோரும் குள்ளம். அதைச் சொல்ல எனக்குப் படிவம் எதுவும் இல்லை.

காவலர்களில் முனிராஜ் தளிக்காரன். வீட்டில் கன்னடம், முகாமில் எங்கள் தமிழ். இறுதித் தாவல் தேர்வு சனிக்கிழமை என்று அறிவித்ததும் என் மேஜைக்கு வந்தான்.

"பெயிலானா தெக்க எங்கியாவது ஆயுதப்படைக்குத் தூக்கிப் போட்ருவாங்க ஏட்டையா. எம் பொண்டாட்டிக்கு சிப்காட்டுல இப்பத்தான் பர்மனென்ட் ஆயிக்கீது. வேலைய உட்டுட்டு வான்னு எப்டிச் சொல்றது?"

நான் யோசித்தேன். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் விதிமுறை. அளவு நாடாவில் அரசு முத்திரை இல்லை, அதனால் எடுக்கும் அளவு செல்லாது என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு குறிப்பு வைத்தேன். தாளைக் கண்டால் மிரளும் மனிதர். தேர்வைத் திங்களுக்குத் தள்ளினார். சனிக்கிழமை ஓட்டமும் ரத்து.

"ரெண்டு நாள் காலை நீட்டிப் படு" என்று முனிராஜிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. போலீசில் யாரும் ஏன் என்று சொல்வதில்லை.

திங்கள் காலை அவன் சுவருக்கு வந்தபோது முழங்காலில் செம்மண் ஒட்டிய காயம்.

"நேத்து மூட்டையோட அந்தக் கல்லுக் குன்றுல ஏழு தபா ஏறுனேன் ஏட்டையா" என்றான் பெருமையாக. "நீங்க வாங்கிக் குடுத்த ரெண்டு நாள வேஸ்ட் பண்ணுவனா?"

மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கால் தரையை விட்டுக் கிளம்ப மறுத்தது. இரண்டு விரல் குறைவு. எஸ்.ஐ. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னும் ஓடியிருக்கணும்லா" என்றார். இரண்டு விரலை என் பேனாவே கொடுத்திருக்கும். நான் உள்ளதை எழுதினேன்.

அவனைத் தெற்கே ஆயுதப்படைக்கு அனுப்பும் விடுவிப்பு ஆணையையும் நானேதான் தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு முனிராஜ் கேட்டான்: "எங்க தப்பு பண்ணேன் ஏட்டையா?"

"தப்பு ஒண்ணும் இல்லப்பா, போ" என்றேன்.

அடுத்த வருஷமே முகாமைக் கலைத்துவிட்டார்கள். அவன் மனைவி ஓசூர் வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவன் ஏறிய குன்றைக் கிரானைட்டுக்காக அடியோடு அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம்தான் மிச்சம். முனிராஜ் இப்போது எங்கே என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. எங்கே தப்புப் பண்ணினேன் என்ற அந்தக் கேள்வியை அவன் மறந்திருக்க மாட்டான்.