ஸ்மிஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெயர்

ஸ்மிஜாவைப் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார வைப்பவர்களுக்கு என் கை வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். சாலக்குடியில் நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு டைல்ஸ் கடையில். ஆள் வராத நேரத்தில் நாங்களெல்லாம் அலமாரியில் சாய்ந்து கால் மாற்றி நின்றுகொள்வோம். அவளுக்கு அதுவும் முடியாது. குளியலறை டைல்ஸில் தொடங்கி, சமையலறை, முற்றம், கார் ஷெட் என்று கடையையே சுற்றிச் சுற்றி வருவாள். கையில் போன் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் என் பக்கத்தில் வந்து, "ரோஸிலி சேச்சி, கலெக்டர் ஆபீஸ்ல ஒரு இடம் காலியாம்" என்று சொல்லிவிட்டு நடப்பாள். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

எல்லாம் அரசாங்க கிளார்க் வேலைக்கான அலைச்சல். கொரோனா காலத்தில் கடையை மூடியபோது முதலாளி அவளுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினார்: நாளைக்கு வர வேண்டாம். எனக்கும் அதே வரிதான் வந்தது. நான் திட்டித் தீர்த்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டேன். கடை திறந்து எங்களைத் திரும்பக் கூப்பிட்ட பிறகும் அவளால் அப்படி விட முடியவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வேலை வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். முப்பத்தேழு வயதில், மகளோடு ஒரே மேஜையில் படித்துப் பரீட்சை எழுதினாள். ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தது. இருநூற்று எண்பத்தேழாவது பெயர்.

இங்கே லிஸ்டில் பெயர் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு இடமாகக் காலியாகக் காலியாக, வரிசைப்படி கூப்பிடுவார்கள். மூன்று வருடம் முடிந்தால் லிஸ்ட் செத்தது. அன்றைக்கு வரிசையில் மிச்சம் நிற்பவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு வயதும் தாண்டிவிட்டதால் இன்னொரு பரீட்சை எழுத வழியில்லை. ஒரே ஒரு குறுக்கு வழி உண்டு, சட்டப்படியே உண்டு. முன்னால் இருப்பவர் யாராவது, 'எனக்கு வேண்டாம்' என்று நோட்டரி வக்கீலிடம் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் பின்னால் இருப்பவர் ஒரு படி ஏறலாம்.

அவ்வளவுதான், ஸ்மிஜா கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் ஸ்கூட்டரின் பின்னால் அவள். கொடகரை, இரிஞ்ஞாலக்குடை, கொரட்டி, எங்கே யார் வீட்டில் எந்த ரேங்க்காரர் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து நாலு வயதுப் பிள்ளைகள். ஒருத்தனுக்குப் போலீஸ் வேலையும் கிடைத்திருக்கும், ஒருத்திக்கு பேங்க் வேலை. இரண்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பார்கள்.

"நீ ஓடுற பையன். உன்னைக் கொண்டுபோய் ஃபைலுக்கு நடுவுல உக்கார வெச்சா ஒரே வருஷத்துல தொப்பை வந்துடும். போலீஸ்ல சேரு" என்பாள். இன்னொரு வீட்டில், "பேங்க்ல சேந்த வருஷமே வீட்டுக் கடன் தருவாங்க மோளே, வேற எங்க தருவாங்க?" என்பாள். குளியலறைக்கு இந்த நிறம்தான் எடுக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்வாளே, அதே குரல். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். மீதிக் கால்வாசியைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கால்வாசியில் ஒருவன் கொடகரை அகில். அவனுக்கு ஒரு தனியார் கம்பெனியில் வேலை இருந்தது. வில்லேஜ் ஆபீஸ் தூசியையும் ஒட்டடையையும் பற்றி ஸ்மிஜா சொன்ன சொல்லில் பையன் அங்கேயே தும்மிவிட்டான். கையெழுத்தும் போட்டான். எட்டு மாதம் கழித்து எங்கள் கடை வாசலில், முதலாளிக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். கம்பெனியை மூடிவிட்டார்களாம். "சேச்சி, உங்களுக்கு ஆர்டர் வந்துடுச்சா?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டான். அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று முழுக்க ஸ்மிஜா ஒரு டைல்கூட விற்கவில்லை.

கடைசியில் ஒரு இடம் காலியானது. லிஸ்டுக்கு இன்னும் ஐந்தே நாள், வெள்ளிக்கிழமை முடிகிறது. இடஒதுக்கீட்டுச் சுழற்சியெல்லாம் கழித்துப் பார்த்தால் ஸ்மிஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெயர்தான். மாளாவில் இருக்கிற நஸ்ரின், இருபத்து மூன்று வயது, கொச்சியில் ஒரு கம்பெனி அவளை அழைத்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? வழி நெடுக ஸ்மிஜா பின்சீட்டில் காலை ஆட்டிக்கொண்டே வந்ததில் ஸ்கூட்டரே ஆடியது.

"காலை அடக்குடி, ரெண்டு பேரும் வயல்ல கிடப்போம்."

"ஆடுறது கால் இல்ல சேச்சி, உங்க வண்டி."

நஸ்ரின் மெலிந்த பெண். கேட்டால் மட்டும் பேசுகிற ரகம். நாங்கள் போய் உட்கார்ந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் பென்ஷன் விண்ணப்பத்தோடு வந்தார். அவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள். பிறந்த தேதி ஆதாரில் ஒன்றாகவும் ரேஷன் கார்டில் வேறாகவும் இருப்பதைக் கண்டுபிடித்தாள். எந்த ஆபீசில் எதைக் கொடுத்துத் திருத்த வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். கிழவருக்குக் காது மந்தம். மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் ஒரே குரலில். ஸ்மிஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கம்பெனியில என்ன வேலை மோளே?"

"நாள் முழுக்க கஸ்டமருக்கு போன் பண்ணணும் சேச்சி. மாசத்துக்கு இத்தனை பேரைச் சேக்கணும்னு கணக்கு. நம்பர் தெரியாத போன் வந்தாலே நான் உம்மாகிட்ட குடுத்துடுவேன்." பிறகு அவளே நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு இந்த இடம் வேணும்னு தெரியும். ஆனாலும் உங்ககிட்டயே கேக்குறேன். மத்தவங்ககிட்ட கேட்டா, அவங்களுக்குத் தெரிஞ்ச யாரோ ஒரு பையன் கதையைச் சொல்லிட்டுப் போயிடுறாங்க. நீங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கீங்க. எனக்கு எது சரியா வரும்?"

ஸ்மிஜா எழுந்து ஜன்னல் வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். நான் மனதுக்குள் புனித அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி உனக்கு ஆகாது. ஆறே மாசத்துல அழுதுக்கிட்டு வந்து நிப்பே. கிளார்க் வேலையில சேந்துடு."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன பைத்தியமாடி? மூணு வருஷம் என் பெட்ரோலைக் குடிச்சியே, இதுக்குத்தானா? அவ கையெழுத்துப் போடத் தயாரா இருந்தாளே!"

"அவ கேட்டுட்டா சேச்சி."

"கேட்டா என்ன? உனக்கு வாய் இல்லையா, மாத்திச் சொல்ல?"

"இத்தனை வீடு ஏறினோமே, ஒருத்தராவது என்கிட்ட எது நல்லதுன்னு கேட்டாங்களா? நானா போனேன், நானா சொன்னேன். அது வியாபாரம். வாங்கினா வாங்கு, விட்டா விடு. இவ கேட்டுட்டாளே, நான் என்ன பண்ணுவேன்?"

கோபத்தில் அவளை வீட்டு வாசலில்கூட இறக்கிவிடாமல் பஸ் ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கேட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. தலையைக்கூடச் சரியாக வாரவில்லை.

"மாளாவுக்கு விடுங்க சேச்சி."

"எதுக்கு?"

"நேத்து சொன்னது தப்புன்னு சொல்லப்போறேன். எனக்கு நாப்பது வயசு. அவ இன்னும் பத்துப் பரீட்சை எழுதலாம். எனக்கு என்ன இருக்கு?"

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தேன். பின்னால் அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். போன் பயமெல்லாம் ஒரு மாதத்தில் போய்விடும். கொச்சியில் இருந்தால் உலகம் தெரியும். இந்த வயதில் ஆபீசுக்குள் போய் அடைந்துகிடக்காதே. எல்லாம் கச்சிதமாக இருந்தது. நானே ஒன்றிரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

வாசலில் நஸ்ரினின் உம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே இழுத்துப்போய் அரிசி ரொட்டி மாதிரியான பத்திரியும் கறியும் வைத்துவிட்டார். நஸ்ரின் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். நேற்றுப் பார்த்த பெண்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"சேச்சி, நீங்க போனதுமே கம்பெனிக்கு வரலைன்னு மெயில் அனுப்பிட்டேன். ஒரு மாசத்துக்கப்புறம் நேத்துதான் நல்லாத் தூங்கினேன். உம்மாகிட்ட கேளுங்க." பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. "என்ன விஷயமா வந்தீங்க சேச்சி, இவ்வளவு காலையில?"

ஸ்மிஜா என்னைப் பார்த்தாள். பத்திரியைப் பார்த்தாள். பிட்டு வைத்திருந்த துண்டை மறுபடி தட்டிலேயே வைத்தாள்.

"முதல் நாள் என்னென்ன கொண்டுபோகணும்னு நேத்து சொல்லாம போயிட்டேன். ஒரு பேப்பர் எடு."

நஸ்ரின் எழுத உட்கார்ந்தாள். ஸ்மிஜாவும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஒரே கவர்ல வை. யார் மேஜையிலயும் விட்டுட்டு எந்திரிக்காதே. டாக்டர்கிட்ட உடம்பு சர்டிபிகேட் வாங்கும்போது கண் பரிசோதனையும் சேத்து எழுதித் தரச் சொல்லு, இல்லேன்னா திருப்பி அனுப்புவாங்க. போட்டோ ஆறு எடுத்துக்கோ. மத்தியானத்துக்கு முன்னால கையெழுத்துப் போட்டுடணும். அதனால முதல் பஸ்ஸுக்கே போ, ரெண்டாவது பஸ்ஸை நம்பாதே. யாராவது பழைய ஃபைலையெல்லாம் உன் தலையில கட்டுவாங்க. முதல் வாரம் பேசாம வாங்கிக்கோ. ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வை. தெரியலைன்னா அன்னைக்கே கேளு. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா சிரிப்பாங்க. சாப்பாடு கட்டிக்கிட்டுப் போ. கொஞ்சம் கூடவே கட்டு, பக்கத்துல இருக்குறவங்களுக்குக் குடுக்கலாம்."

ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. மூன்று வருடம் போகிற வருகிற ஆபீசர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுத் தனக்கென்று சேர்த்தது. எனக்கே அதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

நஸ்ரின் பேப்பரைத் திருப்பி மறுபக்கத்திலும் எழுதினாள். "எவ்வளவு தெரியுது உங்களுக்கு. முன்னாடி ஆபீஸ்ல வேலை பாத்தீங்களா சேச்சி?"

"இல்ல மோளே. போறதுக்குத் தயாரா இருந்தேன்" என்றாள் ஸ்மிஜா.

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வண்டியைத் திருப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.