விருந்துக் கட்டு

மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்தில் பிறந்தும் ஹம்சாவுக்கு ஒரு ரசம் வைக்க வராது. அவளுக்கு வந்ததெல்லாம் சீட்டுதான்; அதுவும் பூதமும் மந்திரவாதியும் அச்சடித்த சீட்டு. 2006இல் திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு நான்கு பேர் ஆடுவார்கள். ஆளுக்கு நாற்பது உயிர்; சீட்டிலுள்ள மிருகங்களை இறக்கி அடுத்தவர் உயிரைக் குறைக்க வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு ஜெயம்.

வாராவாரம் முதலில் சாவது ஹம்சாதான். அவளுடைய டிராகன்களைப் பார்த்ததுமே மற்ற மூவரும் சேர்ந்து மொத்திவிடுவார்கள். ஒருநாள் கடுப்பில் டிராகன்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கிற சீட்டுகளாகவே பொறுக்கி ஒரு கட்டு சேர்த்தாள். ஒன்றை இறக்கினால் எல்லோருக்கும் கூடுதலாக ஒரு சீட்டு; இன்னொன்றை இறக்கினால் எல்லோருக்கும் உயிர் கூடும்.

"இன்னாங்க, சண்டைக்கு வந்துட்டு பந்தி போட்டுகினு கீறீங்க?" என்று சிரித்தான் மூவரில் ஒருவனான பொதட்டூர்பேட்டை எல்லப்பன்.

ஆனால் சோறு போடுகிற கையை எவன் வெட்டுவான்? அவள் கொடுத்த தெம்பில் மூவரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் காலி. எல்லப்பனுக்கு மிச்சம் மூன்றே உயிர்.

அப்போதுதான் ஹம்சா தன் கட்டிலிருந்த ஒரே மிருகத்தை, ஒரு கிழட்டு ஓநாயை, இறக்கினாள். அது கடித்தால் சரியாக மூன்று உயிர் போகும்.

"ஐயையோ, இத்த எங்க வச்சிருந்தீங்க?"

"எங்காத்துல பரிமாறறவா கடைசியிலதான் சாப்பிடுவா," என்றாள் ஹம்சா.