சோம்பேறி தின்ற நேரம்

நம்பினால் நம்புங்கள். என் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன். நடந்தது பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு. விடுமுறை நாள். ஆபீஸில் நான் மட்டும்.

என் கணவரும் அதே ஆபீஸில்தான் புரோகிராமர். எட்டு மாதம் முன்பு, இதே மாதிரி ஒரு விடுமுறை நாளில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்தார். சாயங்காலம்தான் பார்த்தார்கள். "அண்ணன் உடனே போயிட்டாரு அண்ணி. ஒரு நிமிஷம்கூட கஷ்டப்படலை" என்றான் கொழுந்தன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன்.

அவர் எழுதிய புரோகிராம் இப்போது என் பொறுப்பு. ஒரு புரோகிராமுக்குள் பல த்ரெட்கள் ஓடும். ஆளுக்கொரு வேலை. அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் "சோம்பேறி". வீட்டில் நான் அவரைத் திட்டும் பெயர்! பத்து தடவை கூப்பிட்டால்தான் சாப்பிட எழுந்து வருவார். அந்த த்ரெட்டும் அப்படித்தான். அழைப்பு வரும்வரை தூங்கும்.

டீமில் புதிதாகச் சேர்ந்தவள், "அக்கா, சோம்பேறிதான் நேரத்தைத் தின்னுது. தூக்கிடலாமா?" என்றாள். சாதாரணக் கடிகாரத்தை வைத்து அளந்திருக்கிறாள். அதில் தூங்கிய நேரமும் சேர்ந்துவிடும். பிராசஸர் அதற்காக உழைத்த நேரத்தை மட்டும் அளந்தால் பூஜ்யம்தான் வரும். ஆபீஸில் அவருடைய மிச்சம் அந்தப் பெயர் ஒன்றுதான். அழிக்க மனசு வரவில்லை. அளந்து காட்டி அதைக் காப்பாற்றத்தான் அன்று போனேன்.

3:07. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, புரோகிராமைப் புதிதாக ஓடவிட்டேன்.

3:11. அளவைப் பார்த்தேன். மற்ற த்ரெட்கள் எல்லாம் சில செகண்ட்கள். சோம்பேறி மட்டும்... 38 நிமிடம் 50 செகண்ட்.

ஓடத் தொடங்கியே நாலு நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் எப்படி முப்பத்தெட்டு நிமிடம் உழைக்க முடியும்? நானும் தப்பான கடிகாரத்தை எடுத்துவிட்டேனா? புரோகிராமில் நேரத்தை அளக்கும் வரியைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

எண் ஏறிக்கொண்டே போனது. உர்ர்ர்... கம்ப்யூட்டர் விசிறி இரைய ஆரம்பித்தது.

39:40. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

ஒரு அழைப்பு அனுப்பியிருந்தால் சோம்பேறி எழுந்திருக்கும். நிறுத்துவதிலேயே குறியாக இருந்ததில் அது தோன்றவே இல்லை.

40:30. பக்கத்தில் யாரோ மூச்சுக்குத் திணறுவது போல... திரும்பினேன்.

காலி நாற்காலி. அவருடையது.

41:16.

நின்றது. விசிறியும் நின்றது.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எண்ணைச் சொன்னதும் அவன் முகம் வெளிறிப் போனது.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"எதை?"

"ஆபீஸ் கேமரா பதிவை நான் பார்த்தேன் அண்ணி. விழுந்தப்புறம் நாப்பத்தோரு நிமிஷம், பதினாறு செகண்ட்... உயிரோடதான் இருந்தாரு. உங்ககிட்ட சொல்ல மனசு வரலை."

"யாரையும் கூப்பிடலையா?"

"கையை அசைக்க முடியலை. ஃபோன் முகத்துக்கு நேரா கிடந்துச்சு. அடிக்கும்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

அவர் விழுந்ததற்கு முதல் நாள் எங்களுக்குள் சண்டை. அவரே முதலில் கூப்பிடட்டும் என்று, அன்று மதியம் முழுக்க நான் வீம்பாக இருந்தேன்.