ஸ்டியரிங்கில் தொங்கிய சிவப்பு அட்டை

“...முணுமுணுத்துக்கினு தள்ளுனாக்கூடப் பரவாயில்லீங்க. சிரிச்சிக்கினே தள்றாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல. இன்னொரு வாட்டி யாரனா இந்த வண்டியத் தள்ளட்டும், காடாம்புலியூர் மாமாகிட்ட சொல்லி வெலைக்குப் பேசச் சொல்லிடுவேன்.”

என் மனைவி இதைச் சொன்னது ஒரு மார்கழிச் சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல். அவள் சுரங்கத்தில் கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறாள். நான் டவுன்ஷிப் கடைத்தெருவில் நோட்டு, பேனா விற்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் இந்தப் பழைய டீசல் வண்டிதான். அவளுடைய காடாம்புலியூர் மாமா பழைய வண்டிகளுக்கு ஆள் பிடித்து விற்றுத் தருகிறவர்; ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே வந்து நிற்பார்.

வெயில் காலத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. பனி இறங்கினால்தான் காலையில் எழுந்திருக்க அடம் பிடிக்கும். எங்கள் பிளாக்கில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் குரங்குக் குல்லாவோடு நாலு பேர் இறங்கி வந்து பின்னால் கை வைத்துவிடுவார்கள். கூப்பிடவே வேண்டாம்.

குள்ளஞ்சாவடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் அன்றே போனேன். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார். டீசலுக்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைத் தருவது க்ளோ பிளக், உள்ளே நாலு சின்ன அடுப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். “அடுப்பு பத்தல, சோறு வேவலன்னு பானைய ஏன் விக்கிறீங்க?” என்று கேட்டபடியே நாலு பிளக்கை எடுத்து வைத்தார். இப்படிப் பேசுகிறவரிடம் விலை குறைத்துக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

அன்று சாயங்காலமே பழைய பிளக்குகளின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபின் இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் வந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். என் மனைவியைத் தங்கச்சி என்பதால் நான் அவருக்கு மாப்ளை, அவர் எனக்கு மச்சான்.

வந்தவர் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு, ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்று எழுதிய ஒரு சிவப்பு அட்டையை ஸ்டியரிங்கில் கட்டி, கையெழுத்தும் போட்டு, கார் சாவியை லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டார். சுரங்கத்தில் அப்படித்தான். அட்டை மாட்டியவர் வந்து எடுக்கும்வரை எந்த மெஷினையும் யாரும் ஓட்டக் கூடாது. நான் சிரித்தேன்.

“சிரிக்காதீக மாப்ள. உள்ள கை வச்சிருக்கப்ப ஒருத்தன் சாவியத் திருப்புனா, அப்புறம் சிரிக்க வாய் இருக்காது” என்றார்.

மூன்று பிளக் நல்லபடியாக வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு ஒயர் வைத்து பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். ஒன்றின் நுனிதான் சிவந்தது. மற்ற இரண்டும் கரிக்கட்டை. “மூணு பேரு இருக்க வீட்டுல ஒருத்தன்தான் சம்பாதிக்கான். குடும்பம் எப்பிடி ஓடும்?” என்றார்.

நாலாவது அசையவில்லை. அதற்குள் அவருக்கு இரண்டாவது ஷிப்ட் நேரமாகிவிட்டது. அவசரப்பட்டால் பிளக் உள்ளேயே ஒடியும், ஒடிந்தால் இன்ஜின் தலையையே இறக்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

நான் மறுபடியும் எண்ணெய் விட்டேன். கொஞ்சம் முறுக்குவது, கொஞ்சம் திரும்ப விடுவது. கை வலித்தால் மனைவியோடு உட்கார்ந்து மொச்சை உரிப்பது. “மொச்சையும் நீங்களும் ஒண்ணுங்க, ரெண்டும் மெதுவாத்தான் வருது” என்றாள். பொழுது சாயும் நேரத்தில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். ஒடிந்தே விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பிளக் முழுசாக என் கையில் இருந்தது. புதிய நாலையும் விரலால் திருகி உட்கார வைத்து, கடைசியில்தான் ஸ்பேனரால் இறுக்கினேன்.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று போனபோதுதான் சாவி ஞாபகம் வந்தது. மச்சான் பழக்க தோஷத்தில் அதையும் தன் சாவிக்கொத்தோடு எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்விட்டார். பரவாயில்லை, பீரோவில் இன்னொரு சாவி இருக்கிறது என்றேன்.

“அட்டை தொங்குது, பாருங்க” என்றாள்.

வண்டிக்குள் யாரும் கை வைத்துக்கொண்டு இல்லையே என்றேன்.

“இருந்தாலும் இல்லாட்டியும் அவருதான் வந்து எடுக்கணும். இதுல நான் உங்க பொண்டாட்டி இல்லீங்க, சுரங்கத்து ஆளு.”

பீரோவைத் திறக்காமலே போய்ப் படுத்தேன். ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓட்டிப் பார்க்காத வண்டி. விடிந்தால் பனி, முதல் ஷிப்ட், காடாம்புலியூர் மாமா.

விடிகாலையில் மச்சான் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். பேட்டரி ஒயரை மாட்டினார், அட்டையை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டார், சாவியைத் தங்கச்சி கையில் கொடுத்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்துக்கு மாடிப்படியில் காலடிகள் கேட்டன. அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பதற்குள் குரங்குக் குல்லாக்கள் வரிசையாக வந்து பின்னால் கை வைத்துவிட்டன. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

பாதி சாவி திருப்பினாள். பிளக் சூடாகிறது என்று காட்டும், சுருள் போன்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை காத்திருந்தாள். மீதி சாவியும் திருப்பினாள். ஒரு தடவை புகை கக்கிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது.

பின்னால் நின்றவர்கள் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மேல் வீட்டுக்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “இதத்தாம்மா நான் வாக்கிங்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு இருந்தேன்” என்றார்.

அவள் இன்ஜினை நிறுத்தாமல் கையை நீட்டி மற்ற மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். தள்ள வந்தவர்களையும் மச்சானையும் ஏறச் சொல்லி, மடியில் மடியாக உட்கார வைத்து, பிளாக்கை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து அவரவர் படிக்கட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஷிப்டுக்குப் போனாள்.