முதல் ஆளாகப் போனவர்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ராணுவத்தில் கேப்டன். அறுபத்தைந்து யுத்தத்தில் அவர் செய்ததை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒரு கால்வாய்க் கரையில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி அவருடைய கம்பெனியைத் தலைதூக்க விடவில்லை. தோளில் குண்டு பாய்ந்திருந்த மாமா எழுந்து, "என் பின்னால் வாருங்கள்" என்று கத்திவிட்டு முதல் ஆளாக ஓடினார். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கரை நம் கைக்கு வந்தது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியில் 'முதல் ஆளாக' என்ற இடத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன். தூத்துக்குடியில் என் வகுப்பில் அதைக் கேட்டுச் சலிக்காத பெண் கிடையாது.

அடுத்த வருஷம் தசராவுக்கு மாமா லீவில் வந்தார். வந்த மறுநாளே, குலசேகரன்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று முழு உடுப்பில், மெடலோடு கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். அப்படிப்பட்ட மாமாவோடு ஊர் பார்க்க நடக்கிற வாய்ப்பை விட்டுவிட நான் என்ன முட்டாளா?

தசரா சமயத்தில் அந்த ஊருக்கு உடுப்போடு போகலாமா என்று மட்டும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, ராஜாவாக, குரங்காக, போலீஸ்காரராக வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்கிற நாட்கள் அவை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு கடைக்கார அண்ணாச்சி மாமாவின் கையில் நாலணாவை வைத்தார்.

"வேஷம் அச்சு அசலா இருக்கு தம்பி. மெடல் எங்கன வாங்குன?"

"இவிய நெசக் கேப்டனாக்கும்!" என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பக்கத்தில் சோடா குடிக்க நாக்கைக் கழற்றி வைத்திருந்த காளிகூடச் சிரித்தது. மாமா காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேடிப்போன வீட்டிலும் அதே கதைதான். ஒரு அம்மா சுளகில் அரிசியோடு வாசலுக்கு வந்தார். மாமா தொப்பியைக் கழற்றினார். அந்த அம்மாவின் மகன் பெயரைச் சொல்லி, தன் கம்பெனியில் ரேடியோ தூக்கி வந்தவன் அவன்தான் என்றார். அந்தக் கால்வாய்க் கரையில் செத்துப்போனவன். அந்த அம்மா சுளகைப் பிடித்தபடி நின்றார்.

"சின்னதுலயே பயந்தாங்கொள்ளி, ஐயா. இருட்டுனா வெளிய போவமாட்டான். சண்டையிலயும் பயந்து ஒதுங்கிட்டானோன்னு ஒரு வருசமா மனசை அரிக்கு. எங்கன நின்னான்?"

"எனக்கு முன்னால போனான், அம்மா," என்றார் மாமா. "அவன் போனதப் பாத்துதான் நானே எந்திச்சேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசியை மாமாவின் தொப்பியில் கொட்டினார். "கோயில்ல சேத்துருங்க, ஐயா," என்றார்.

மாமா அரிசியையும் நாலணாவையும் ஒழுங்காகக் கோயிலில் சேர்த்தார். திரும்பும் பஸ்ஸில் நான் அவர்மேல் பாய்ந்தேன். "பொய்தான சொன்னீங்க? நீங்கதான முதல் ஆளு?"

"நாந்தாம்ளா. அவன் ரேடியோவச் சுமந்துக்கிட்டு எம் பின்னாலதான் வந்தான்," என்றார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "வாலேன்னு கூப்பிட்டதும் நாந்தான்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகையை எடுத்து, என் சிவப்புக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். மாமா சொன்ன பொய்யைப் பல நாள் நான் மன்னிக்கவில்லை. கோட்டுக்குச் சற்று முன்னால் இருந்த 'என் பின்னால் வாருங்கள்' என்பது அன்றைக்கு என் கண்ணிலேயே படவில்லை.